வகுப்பறையும் கைத்தொலைபேசியும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபொழுது, தமிழாசிரியன் ஒருவனிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது சங்க இலக்கியத்தில் ஓர் ஆய்வாகவோ, கல்லூரியின் பழம்பெருமை குறித்த நினைவுரையாகவோ இருந்திருக்கலாம். அவை இரண்டும் இம்மலரிலே தக்கார் பலரால் எழுதப்படும் என்னும் துணிவினால், ஆசிரியர் அறையிலே தவணைதோறும் பேசப்பட்டும் முடிவு காணப்படாதிருக்கும் ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டேன். சிறு பொருள் என்றது அதன் உருவத்தை நோக்கியே. உள்ளங்கையில் அடங்கும் அக்கருவி, நாற்பது மாணவர் ஒருங்கிருக்கும் வகுப்பை நாற்பது தனியறைகளாக்கிவிடும் ஆற்றல் வாய்ந்தது.

பாடம் நடைபெறும் வேளையிலே மாணவனுடைய கையிலோ, சட்டைப்பையிலோ, மேசைக்குள்ளோ கைத்தொலைபேசி இருத்தலாகாது என்பது என் கருத்து. இதனை வெளிப்படையாக மறுப்பார் எமது ஆசிரியருள் எவரும் இலர். பெற்றாருள்ளும் அரியர். விதியும் ஏலவே உண்டு. அங்ஙனமாயின் அதுபற்றி எழுதுவானேன் என்று வினவலாம். விதி இருந்தும் அது நிலைபெறாமைக்குரிய காரணத்தை மாணவரிடத்து மாத்திரம் தேடுகின்றோம். ஒரு கையால் விலக்கி மறு கையால் வேண்டி நிற்கும் பெரியோராகிய நம்மிடத்து அதனைத் தேடுவாரைக் காணோம். ஆகவேதான் எழுத நேர்ந்தது.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். எமது பாடசாலை நாள் காலை 7.30 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30 மணிக்கு முடிவடைகின்றது. அதற்குள் 40 நிமிடங்கொண்ட பாடவேளைகள் எட்டு. ஆசிரியர் வகுப்பினுள் வந்து, வணக்கம் ஏற்று, முந்திய பாடத்தின் எழுத்தைக் கரும்பலகையிலிருந்து துடைத்து, முதல் வாக்கியத்தைச் சொல்லத் தொடங்குமுன் ஐந்து நிமிடம் கழிந்துவிடும். எஞ்சியிருப்பன 35 நிமிடங்கள். ஒருமுறை சிதறிய கவனம் மீண்டும் பாடத்திற் பதிவதற்கு 20 நிமிடம் வரை செல்லக்கூடும் என யுனெஸ்கோ நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை எடுத்துக்காட்டுகின்றது. அங்ஙனமாயின், ஒரு மாணவன் பாடத்தின் நடுவே ஒருமுறை, ஒரேயொருமுறை, மேசைக்கடியில் ஒளிரும் திரையை நோக்குவானாயின் அப்பாடவேளையின் பெரும்பகுதி அவனுக்கு இல்லாமற் போகலாம். ஒருமுறை நோக்குபவன் ஒருமுறையோடு அமைவதுமில்லை.

இக்குற்றத்தைக் கண்டுபிடித்தல் ஆசிரியருக்கு அரிதன்று. தன் மடியைப் பார்த்துத் தானே சிரிக்கும் மாணவனைக் கண்டால் போதும். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குற்றியலுகரம் கற்பிப்பவன் என்ற முறையிற் சொல்லுகின்றேன்: அந்தப் பாடத்திற்கு எந்த மாணவனும் அவ்வாறு சிரித்ததில்லை.

நகை ஒருபுறமிருக்க, கவனச்சிதறல் என்பது இக்காலத்துக் கண்டுபிடிப்பன்று. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்னர் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், இலக்கணம் சொல்லப் புகுமுன் ஆசிரியர் இலக்கணத்தையும் மாணாக்கர் இலக்கணத்தையும் பாடங் கேட்கும் முறைமையையும் பொதுப்பாயிரத்திலே வகுத்துரைத்தார். மாணாக்கரை முதல், இடை, கடை எனப் பகுத்து அவர்க்கு உவமையும் காட்டினார். கடை மாணாக்கருக்கு அவர் காட்டிய உவமைகளுள் ஆடு ஒன்று. தழை நிறைந்த செடி எதிரே நிற்பினும் ஆடு அதிலே வயிறார மேய்வதில்லை, ஒரு கடி கடித்து அடுத்த செடிக்குத் தாவும், அங்கும் ஒரு கடி, பின்னர் வேறொன்று. இன்றைய மாணவன் தன் பெருவிரலாற் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக மேலே தள்ளிக்கொண்டு போவதைக் கண்டவர்க்கு இவ்வுவமைக்கு உரை வேண்டுவதில்லை. எருமையும் அவ்வரிசையிலே உண்டு. அது குளத்திலிறங்கித் தான் கலக்கிய நீரைத் தானே குடிக்கும். கலங்கிய நீர் ஏனையோர்க்கு உதவாது. பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு 2022ஆம் ஆண்டு தன் உறுப்பு நாடுகளிலே 15 வயது மாணவரிடம் நடத்திய கணிப்பில், கணித பாடங்கள் சிலவற்றிலாவது தமது மின்கருவியினால் தமது கவனம் கலைவதாக நூற்றுக்கு 65 பேர் கூறினர். பிறர் வைத்திருக்கும் கருவியினால் தமது கவனம் கலைவதாகக் கூறியோர் நூற்றுக்கு 59 பேர். முன்னையது ஆட்டின் கணக்கு. பின்னையது எருமையின் கணக்கு.

கைத்தொலைபேசி வைத்திருத்தல் ஒருவனுடைய சொந்த விடயம், அவன் படித்தால் என்ன, படியாவிட்டால் என்ன என்று வாதிடுவார் இப்பின்னைய கணக்கை நோக்குவாராக. முன்வரிசையில் இருப்பவன் திரையிலே ஒரு பந்தாட்டம் ஓடுமாயின் அவனுக்குப் பின்னால் இருக்கும் நால்வர் கண்களும் அத்திரையிலேதான் இருக்கும். அந்நால்வரும் எந்த விதியையும் மீறியவர் அல்லர்.

நன்னூலார் கூறிய இன்னொன்று எனக்கு இவற்றினும் பெரிதாகப் படுகின்றது. ஆசிரியர் சொன்னதை எத்துணை நன்றாகக் கேட்டவனாயினும் ஒருவன் கல்வியிற் கால் பங்கையே பெறுவான். மற்றொரு கால் பங்கை உடன் கற்கும் மாணாக்கரோடு பயின்று பெறுவான். எஞ்சிய அரைப் பங்கைத் தான் பிறர்க்கு எடுத்துரைக்குங்கால் பெறுவான் என்பது அவர் கருத்து. இவ்வளவையை ஏற்போமாயின், பாடவேளைகளில் மாத்திரம் தொலைபேசியை விலக்கி, இடைவேளையிலே கையில் எடுக்க விடுதல் போதாது என்பது பெறப்படும். வேப்பமர நிழலிலே நாலு பேர் கூடி, முந்திய பாடவேளையிற் கேட்ட கணக்கை ஒருவன் மற்றையோர்க்கு விளக்குவதும், "நீ சொல்வது பிழையடா" என மற்றொருவன் இடைமறிப்பதும், வழக்கு முற்றி ஆசிரியர் அறைவாயிலுக்கு வருவதும் முன்னெல்லாம் நாள்தோறும் நடந்தவை. அந்த மரத்தடியில் இன்றும் நாலு பேர் இருக்கின்றனர். தலை குனிந்து நான்கு திரைகளை நோக்கியவண்ணம் இருக்கின்றனர். பேசி என்பது அதன் பெயர். அருகிருப்பவனோடு பேசுதற்கு அது பெருந்தடையாக இருப்பது விந்தையே.

தமிழ்ப் பாடத்தைப் பொறுத்தவரை எனக்குள்ள மனக்குறை வேறொன்றும் உண்டு. கரும்பலகையில் எழுதியதைக் கொப்பியில் எழுதும் வழக்கம் குன்றி வருகின்றது. பாடம் முடியுந் தறுவாயில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், ஒரு நிமிடம் விலகி நில்லுங்கள்" என்பான். நான் விலகினால் கரும்பலகையைப் படமெடுத்துக்கொள்வான். அன்று மாலைக்குள் அப்படம் வகுப்பிலுள்ள அனைவர்க்கும் போய்ச் சேரும். எழுத்தும் பிழையின்றி இருக்கும். ஏனெனில் அது என் எழுத்து. எழுதும்பொழுது கை ஒரு சொல்லின் மேல் தங்குகின்றது. அது ரகரமோ றகரமோ, னகரமோ ணகரமோ என்று கண் ஒருமுறை ஐயுறுகின்றது. அந்த ஐயமே கல்வியின் வாயில். படத்திலே ஐயம் இல்லை. ஆகவே கல்வியும் இல்லை. படமெடுத்த மாணவனிடம் மறுவாரம் அதனைக் கேட்டால், "இருக்கிறது, சேர்" என்று சட்டைப்பையைத் தொட்டுக் காட்டுகின்றான். எங்கே இருக்கவேண்டுமோ அங்கே இல்லை. ஆங்கில எழுத்திலே தமிழை எழுதி அனுப்பும் புதுவழக்கினால் எழுத்துக் கூட்டலுக்கு நேர்ந்துள்ள கேட்டைப்பற்றி எழுதப் புகுந்தால் இம்மலரின் பக்கங்கள் போதா, விடுத்து மேற்செல்கின்றேன்.

இனி, பிற நாட்டார் இதில் யாது செய்தனர் என்பதை நோக்குவோம். இதனைக் குறிப்பாக வெளிநாடுகளில் வாழும் எமது பழைய மாணவர்களுக்காகவே எழுதுகின்றேன். அவர்களுட் பலர் குடியேறியுள்ள நாடுகள் மூன்றை எடுத்துக்கொள்வோம். பிரான்சு நாட்டிலே ஆரம்பப் பாடசாலைகளிலும், ஏறத்தாழ 15 வயது வரையுள்ளோர் பயிலும் நடுநிலைப் பாடசாலைகளிலும் மாணவர் கைத்தொலைபேசியைப் பயன்படுத்துதலை 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விலக்கியது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் வகுப்பு நேரத்தில் அதனை 2019இற் கட்டுப்படுத்தியது; பின்னர் 2024 செப்ரெம்பரில் அக்கட்டுப்பாட்டை மேலும் இறுக்கி, ஆறாம் வகுப்பு வரையுள்ளோர் பாடசாலை நாள் முழுவதும் அதனைக் கண்ணிற் படாது வைக்கவேண்டும் என்றும், ஏழு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ளோர் பாடவேளைகளில் அங்ஙனம் செய்யவேண்டும் என்றும் விதித்தது. இங்கிலாந்தின் கல்வித் திணைக்களம் 2024 பெப்ரவரியிலே பாடசாலை நேரம் முழுவதும் அதனை விலக்குமாறு பாடசாலைகளுக்கு வழிகாட்டற் குறிப்பு ஒன்றை வெளியிட்டது.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் தம் பிள்ளைகள் இவ்விதிகளுக்கு அமைந்து கற்பதை எமது பழைய மாணவர்கள் கண்டு மகிழ்கின்றனர். அவர்களே விடுமுறைக்கு ஊர் வரும்பொழுது, சாதாரண தரத்திற் சித்தியெய்திய மருமகனுக்குப் பரிசாக எதைக் கொண்டு வருகின்றனர்? இங்குள்ள ஆசிரியர் ஒருவரின் இரு மாதச் சம்பளத்தினும் விலை மிகுந்த கைத்தொலைபேசியை. மாமன் தந்த பரிசை மருமகன் வீட்டிலே வைத்துவிட்டு வருவான் என எதிர்பார்த்தல் மனித இயல்பை அறியாதார் செய்கை. அன்பினால் தரும் பொருளைக் குறை கூறுதல் என் நோக்கமன்று. நல்ல அகராதி ஒன்றும், சைக்கிள் ஒன்றும் அதே அன்பைக் காட்ட வல்லன என்று மாத்திரம் நினைவூட்டுகின்றேன்.

இவ்விலக்கினாற் பயன் உண்டோ? இங்கிலாந்தின் நான்கு நகரங்களிலுள்ள பாடசாலைகளை ஆராய்ந்து 2015ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, கைத்தொலைபேசியை விலக்கிய பாடசாலைகளிலே பரீட்சைப் பெறுபேறு உயர்ந்ததைக் காட்டியது. அதிலே கருதத்தக்கது ஒன்று உண்டு. முன்னணியில் நின்ற மாணவரிடத்து மாற்றம் ஏதும் காணப்படவில்லை. உயர்வு முழுவதும் பின்தங்கிய மாணவரிடத்தே காணப்பட்டது. வகுப்பிலே முதலாம் பிள்ளையாக வருபவன் தொலைபேசி இருப்பினும் இல்லாவிடினும் படித்துக்கொள்வான். பின்வரிசையிலிருப்பவனுக்கு ஆசிரியரின் குரலை விட்டால் வேறு துணை இல்லை. வீட்டிலே சொல்லிக் கொடுப்பாரும் இல்லை. தனியார் கல்வி நிலையத்திற்குக் கட்டப் பணமும் இல்லை. அவன் செவியைத் திரை கவர்ந்துகொண்டால் அவனுக்கு இழப்பு முழுமையானது. எமது நடைமுறையோ நேர்மாறாக உள்ளது. கெட்டிக்காரன் கையில் தொலைபேசியைக் கண்டால், "அவன் ஏதாவது படிப்பு விடயமாகத்தான் பார்ப்பான்" என்று விட்டுவிடுகின்றோம். பின்வரிசைக்காரன் கையிற் கண்டால் அதிபர் அறைக்கு அனுப்புகின்றோம். விதி ஒன்றாயின் அது இருவர்க்கும் ஒன்றாதல் வேண்டும்.

மறுபக்கத்தையும் மறைத்தல் முறையன்று. 2025ஆம் ஆண்டு பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்விலே, தொலைபேசியை விலக்கிய பாடசாலைகளின் மாணவரது மனநலம் மற்றைப் பாடசாலை மாணவரினும் மேம்பட்டதாகக் காணப்படவில்லை. அவர்கள் ஒரு நாளிலே திரையை நோக்கும் மொத்த நேரமும் குறைந்ததாகக் காணப்படவில்லை. இதனைக் கொண்டு விலக்கு வீண் என்பாரும் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. வகுப்பறை விதி வகுப்பறையைக் காக்கும். அதனினும் கூடிய வேலையை அதன்மேற் சுமத்தலாகாது. இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் ஒளிரும் வெளிச்சத்தை அணைப்பதற்கு அதிபரால் இயலாது. அது தாய் தந்தையர் கடன்.

கைத்தொலைபேசியை விலக்கவேண்டும் என்பாரை நோக்கி வழக்கமாக எழுப்பப்படும் வாதம் ஒன்று உண்டு: நீங்கள் புதுமையின் பகைவர், விஞ்ஞானத்தை அஞ்சுகின்றீர்கள் என்பது. இந்துக் கல்லூரி ஒன்றிலே இவ்வாதத்திற்கு விடை தேடி நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. ஆறுமுகநாவலர் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். மிசனரிமார் கையில் நின்று அவர்க்குப் பணி செய்த இயந்திரம் அது. அதனை அஞ்சி ஒதுங்காது தம் கைக்கொண்டு, பாலபாடங்களையும் இலக்கண நூல்களையும் அச்சிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அக்காலத்தின் புத்தம் புதிய கருவியை எம்மவருள் முன்வந்து ஏற்றவர் அவர். ஆயின் அந்த இயந்திரம் யாது அச்சிடவேண்டும் என்பதை நாவலர் தீர்மானித்தார், இயந்திரம் தீர்மானிக்கவில்லை. மாணவன் கையிலுள்ள தொலைபேசியின் நிலை அத்தகையதன்று. அடுத்து அவன் எதைப் பார்க்கவேண்டும் என்பதை எங்கோ ஒரு நாட்டில் இருக்கும் கம்பனி ஒன்றின் கணக்கீட்டு முறை தீர்மானிக்கின்றது. அவன் எத்துணை நேரம் விலகாது பார்க்கின்றானோ அத்துணை வருவாய் அக்கம்பனிக்கு. இத்தகைய எதிரியோடு 35 நிமிடம் போட்டியிட்டு வெல்லவேண்டும் எனச் சுண்ணக்கட்டியோடு நிற்கும் ஆசிரியரை நோக்கிச் சொல்வது நீதியாகாது.

கணினிக் கூடத்தைப் பூட்டவேண்டும் என நான் சொல்லவில்லை. ஆசிரியர் வேண்டும்பொழுது, வேண்டிய பாடத்திற்கு, வேண்டிய அளவு கருவியைப் பயன்படுத்துதல் வேறு. மாணவனது சட்டைப்பையிலே அது காலை முதல் துடித்துக்கொண்டிருத்தல் வேறு.

மூத்த ஆசிரியர் சிலர் இதற்கு வேறொரு விடை சொல்லுவர். 1990ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் குடாநாட்டிலே மின்சாரம் இல்லாதிருந்தபொழுது, ஜாம் போத்தலில் திரியிட்டு மண்ணெண்ணெய் விளக்கிலே படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தோம்; சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம்; இக்காலப் பிள்ளைகளுக்கு அந்த அடக்கம் இல்லை என்பர். அத்தலைமுறையின் உழைப்பு போற்றத்தக்கது, அதிலே ஐயமில்லை. எனினும் இவ்விடையை வகுப்பிலே சொல்லாதிருத்தல் நலம். அந்த விளக்கின் முன்னால் எம்மைக் கவர்வதற்குப் புத்தகத்தை விட்டால் வேறொன்றும் இருந்ததில்லை. புலனடக்கம் சோதிக்கப்படாத காலத்தை வைத்துப் புலனடக்கத்துக்கு மேற்கோள் காட்டுதல் பொருந்தாது. பதினாறு வயதிலே எம்மிடம் இக்கருவி தரப்பட்டிருந்தால் நாமும் மடியைப் பார்த்துச் சிரித்திருப்போம்.

இதனினும் வலிய வாதம் பெற்றாரிடமிருந்து வருவது. 2020 மார்ச்சிலே கொரோனா நோயினால் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, "உங்கள் பிள்ளைக்குக் கைத்தொலைபேசி ஒன்று வாங்கிக் கொடுங்கள், பாடம் அதிலேதான் நடக்கும்" என்று அவர்களிடம் சொன்னவர் யாவர்? நாமே. தோட்ட வேலைக்குப் போகும் தந்தை கடன்பட்டு வாங்கினார். தாய் சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கினார். ஒரு தொலைபேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்த வீடுகள் உண்டு. மலைப்பகுதிச் சிற்றூர்களிலே அலைவரிசை கிட்டாமையால் பிள்ளைகள் பாறை மீதேறி அமர்ந்து பாடங் கேட்டனர். 2022ஆம் ஆண்டு எரிபொருள் இன்றி மீண்டும் பாடசாலைக்கு வரமுடியாத நாட்களிலும் இதுவே நடந்தது. அக்காலத்திலே இக்கருவி ஆற்றிய உதவியை மறந்து பேசுவார் நன்றி மறந்தோராவர்.

ஆயின் நோய்க்காலம் நீங்கியது, மருந்து நீங்கவில்லை. பாடசாலை திறந்த பின்னரும் ஒப்படை வட்ஸ்அப்பிலே வருகின்றது. விளையாட்டுப் போட்டி ஒத்திகையின் நேரமாற்றம் வைபரிலே வருகின்றது. இரவு ஒன்பது மணிக்கு, "நாளை மாதிரி வினாத்தாள் கொண்டு வருக" என்னும் செய்தி வருகின்றது. மகன் கையில் தொலைபேசியைக் கண்டு தாய் ஏசினால் அவன் சொல்லும் மறுமொழி, "சேர் அனுப்பினவர், அம்மா." அம்மறுமொழிக்குமேல் அவளாற் பேச இயலாது. அது பாதி உண்மையாயும் இருத்தலின் அவளுக்கு இரட்டிப்புத் தொல்லை. காலையிலே தொலைபேசியை விலக்கும் கல்லூரி, மாலையிலே அதனைக் கட்டாயமாக்குதல் தகாது. ஒப்படையைப் பாடவேளையிலே கரும்பலகையில் எழுதிக் கொடுத்தால் அது கொப்பியிலே ஏறும். கொப்பிக்கு மின்னேற்றல் வேண்டுவதில்லை.

ஆசிரியராகிய எம்மைப்பற்றியும் சொல்லாதுவிட்டால் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. மாணவர்க்கு விதி சொல்லும் ஆசிரியரது சட்டைப்பையிலே தொலைபேசி அதிர்கின்றது. அவர் கதவோரம் ஒதுங்கிக் கையால் வாய் பொத்திப் பேசுகின்றார். நாற்பது பேர் அதனைப் பார்க்கின்றனர். முழுக் குற்றமும் அவர்மேலதன்று. மேலிடத்திலிருந்து காலை பத்து மணிக்கு ஒரு புள்ளிவிபரம் கேட்கப்படுகின்றது. பதினொரு மணிக்கு முன் அது குறுஞ்செய்தியாகப் போய்ச் சேரவேண்டும். பாடம் நடத்தும் ஆசிரியரிடம் பாடவேளையிலே தகவல் கேட்டலாகாது என்னும் சிறு ஒழுங்கைக் கடைப்பிடிக்கப் பெரிய சட்டம் வேண்டுவதில்லை. கல்லூரி அலுவலகம் ஏற்று, இடைவேளையிலே தெரிவித்தால் எந்தக் கல்வியும் கெட்டுப்போகாது. தொலைபேசியை ஆசிரியர் அறையிலே வைத்துவிட்டு வெறுங்கையோடு வகுப்புக்குச் செல்லும் ஆசிரியர் எம்மிடையே சிலர் உளர். அவர்கள் வகுப்பிலே இவ்விடயமாக முறைப்பாடு மிகக் குறைவு என்பதைக் கண்டிருக்கின்றேன்.

தண்டனை முறையும் ஆராயத்தக்கது. பறித்தெடுத்த தொலைபேசியைத் தவணை முடியும்வரை பூட்டி வைத்தலும், மாணவர் முன்னிலையில் நிலத்தில் அடித்து உடைத்தலும், புத்தகப்பைகளைக் கவிழ்த்துக் கொட்டிச் சோதித்தலும் பாடசாலைகள் பலவற்றிலே நடந்தனவாகக் கேள்வியுறுகின்றோம். உடைபடுவது ஒரு தாயின் சீட்டுப் பணம். சோதனையிடப்படுபவன் தன் வகுப்பார் முன்னிலையில் அடையும் நாணம் பாடத்தின்மேல் வெறுப்பாகவே முதிரும். அன்றியும், பறித்த பொருளுக்கு ஆசிரியர் காவலராகின்றார். அது கெட்டாலும் தொலைந்தாலும் வழக்கு அவர்மேல் வரும். கொண்டு வந்தவனைப் பிடித்தல் என்னும் வேட்டையை விடுத்து, கொண்டு வந்தால் எங்கே வைத்தல் என்னும் ஒழுங்கைச் செய்தால் இவை யாவும் நீங்கும்.

பெற்றாரது அச்சம் ஒன்றையும் நாம் இலேசாக எண்ணலாகாது. பிள்ளை பாடசாலை முடிந்து, அங்கிருந்தே தனியார் கல்வி நிலையத்துக்குச் சென்று, இருள் சூழ்ந்த பின் வீடு சேரும் நாளிலே, படலையைப் பார்த்து நிற்கும் தாய்க்குத் தொலைபேசி ஒன்றே ஆறுதல். வெளியே சென்றவர் திரும்பி வராத வீடுகள் உள்ள மண்ணிலே இந்த அச்சத்தைப் பழித்தல் கல்நெஞ்சர் செயல். ஆகவே, "கொண்டுவரவே கூடாது" என்னும் விதியைப் பேருந்தில் நெடுந்தூரம் வரும் மாணவர்க்கு விதித்தால், அத்தாய் முதலில் மகனோடு சேர்ந்து அதனை மீறுவாள். மீறுதற்குத் தாயே துணைநின்ற விதியை எந்த அதிபராலும் காக்க இயலாது.

ஆதலின் பின்வருமாறு செய்யலாம் என்பது என் எண்ணம். ஆறாந் தரம் முதல் பதினோராந் தரம் வரையுள்ளோர் கைத்தொலைபேசியை வீட்டிலே விட்டு வருதல் பொதுவிதியாகுக. தூர இடங்களிலிருந்து வருவோரும் மாலை வகுப்புக்குச் செல்வோரும் உயர்தர மாணவரும், பெற்றார் ஒப்பமிட்ட கடிதத்தோடு கொண்டு வரலாம்; ஆயின் காலை மணி அடிக்குமுன் அதனை நிறுத்தி, வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்கவேண்டும். வகுப்புக்கு ஒன்றாக, இலக்கமிட்ட சிறு அறைகள் கொண்ட பூட்டுள்ள அலுமாரி அலுவலகத்திலே இருக்கவேண்டும். 1.30 மணிக்கு அவரவர் பொருள் அவரவர் கைக்கு. பரீட்சை மண்டபத்திலே மூன்று மணி நேரம் அதனை விட்டிருக்க எந்த மாணவனும் மறுப்பதில்லை. மண்டபத்துக்குள் அதனைக் கொண்டு சென்றால் விளைவது யாது என்பதை அறிந்தமையாலும், விதி எல்லோர்க்கும் ஒன்றாயிருப்பதாலும் மறுப்பதில்லை. அதே ஒழுங்கை நாள்தோறும் ஆறு மணி நேரத்திற்கு நீட்டுகின்றோம், அவ்வளவே.

இவ்விதிக்கு விலக்குப் பெறவேண்டியோரும் உளர். கண்பார்வை குன்றிய மாணவன் ஒருவன் கரும்பலகை எழுத்தைப் பெருப்பித்துப் பார்ப்பதற்குத் தொலைபேசியை நம்பியிருக்கலாம். நீரிழிவு நோயுள்ள பிள்ளை தன் குருதியின் சர்க்கரை அளவை அதிலே கண்காணிக்கலாம். அத்தகையோர்க்கு அது மூக்குக் கண்ணாடி போன்றது. அதனை அவர்கள் மறைவின்றி மேசைமேலே வைத்திருக்க விடவேண்டும். ஏன் அவனுக்கு மட்டும் என்று பிறர் வினவினால் வகுப்பாசிரியர் அதனை விளக்கவேண்டும்.

பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். விழாவை முன்னிட்டுக் கல்லூரிக்குத் திறன்பலகைகளும் கைக்கணினிகளும் அன்பளிப்புச் செய்ய அன்பர் பலர் முன்வந்துள்ளதாக அறிகின்றோம். அவை வரட்டும், கணினிக் கூடத்திலே அவற்றுக்கு இடமுண்டு. அவற்றோடு நான் மேலே சொன்ன அலுமாரிகளையும் தந்துதவுக. தச்சாசாரியார் ஒருவரைக் கொண்டு உள்ளூரிலேயே செய்விக்கலாம். அலுவலக வாயிலிலே மாணவர் பயன்பாட்டுக்கென்று ஒரு தொலைபேசி இணைப்பும் வேண்டும். காய்ச்சல் கண்ட பிள்ளை வீட்டுக்குச் சொல்லவும், மகன் மாலை வகுப்பு இல்லையென்று முன்னதாக வருவதைத் தாய் அறியவும் அது உதவும். அவ்விணைப்பின் இலக்கம் ஒவ்வொரு பெற்றாரிடமும் இருத்தல் வேண்டும். அழைத்தால் எடுப்பதற்கு ஓர் ஆள் இருத்தல் அதனினும் வேண்டும். எடுக்கப்படாது ஒலித்துக்கொண்டிருக்கும் தொலைபேசி ஒன்றை நம்பி எந்தத் தாயும் மகனை வெறுங்கையோடு அனுப்பமாட்டாள். பாடசாலை முடிந்த பின்னர் மாலை வகுப்புக்காகக் காத்திருக்கும் மாணவர்க்கு நூலகத்தை மூன்று மணி வரை திறந்து வைக்க முடியுமாயின் நன்று. இப்பொழுது அவர்கள் வாயிற் கடையோரத்திலே குந்தியிருந்து செய்வது யாதென எல்லோரும் அறிவோம்.

வரும் ஆண்டு முதற்றவணையிலே ஒரு பிரிவில் மாத்திரம் இதனைத் தொடங்கிப் பார்க்கலாம். பன்னிரண்டாந் தரக் கலைப்பிரிவை நான் முன்வைக்கின்றேன். அவர்கள் வகுப்பாசிரியன் நானாதலின், பிழைத்தால் முறைப்பாடு வேறெவரிடமும் செல்லாது. முதல் நாட் காலையிலே அலுமாரியின் முதலாம் இலக்க அறையில் என் தொலைபேசியை வைப்பேன். இரண்டாம் இலக்கத்திலிருந்து மாணவர்க்கு.